சிந்தெடிக்... சாதா... கார் ஆயிலை மாற்றி ஊற்றலாமா?

மகசூல் விற்ற காசில் பழைய கார் ஒன்றை வாங்கி, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுகிற குடும்பங்கள் இன்று கிராமங்களில் ஏராளம். முதல் சர்வீஸுக்குப் போனதுமே குழப்பம் ஆரம்பிக்கும். ‘ஒரு தடவை சிந்தெடிக் ஊத்திட்டா, சாதா ஆயிலுக்குத் திரும்பவே கூடாது’ என்பார் ஒருவர். ‘பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊத்தினா ஒழுகும்’ என்பார் இன்னொருவர்.

உண்மையில், இரண்டுக்கும் இடையே மாறலாம், திரும்பியும் வரலாம். ஆனால், காருடன் வந்த கையேட்டில் போட்டிருக்கும் எண்ணையும் தரக் குறியீட்டையும் மட்டும் மாற்றவே கூடாது.

என்ன வித்தியாசம்?

சாதா ஆயில் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. ‘மினரல் ஆயில்’ என்றும் சொல்வார்கள். சிந்தெடிக் ஆயில், ரசாயன முறையில் இன்னும் சீராகத் தயாரிக்கப்படுவது. அதிகச் சூட்டைத் தாங்கும். சீக்கிரம் கசடு கட்டாது. இரண்டும் கலந்தது ‘செமி சிந்தெடிக்’. கடையிலேயே கலந்து விற்கிறார்கள் என்பதிலிருந்தே, இவை ஒன்றோடொன்று சேரும் என்பது புரியும்.

பயம் எங்கிருந்து வந்தது?

1970-களில் கார்களுக்கு வந்த முதல் சிந்தெடிக் ஆயில்கள் சில, இன்ஜினில் உள்ள ரப்பர் சீல்களுக்கு ஒத்துவரவில்லை. ஒழுகல் ஏற்பட்டது. பிறகு அதைச் சரிசெய்துவிட்டார்கள். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ஆனால், பல வருடங்கள் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில், தேய்ந்த சீலின் இடுக்கைக் கசடுதான் அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அந்தக் கசடைக் கரைத்தால், ஒழுகல் வெளியே தெரியும். அங்கே மாற்ற வேண்டியது சீலைத்தான்.

டப்பாவில் எதைப் பார்ப்பது?

‘5 டபிள்யூ 30’, ‘15 டபிள்யூ 40’ என்று எண்கள் இருக்கும். முதல் எண் சிறியதாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் வேகமாக மேலே ஏறும். இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது’ என்று, 5 டபிள்யூ 30 கேட்கும் காரில் 20 டபிள்யூ 50 ஊற்றுவது தப்பு. ஸ்டார்ட் செய்ததும் மேல் பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

அடுத்தது ஏ.பி.ஐ. தரக் குறியீடு. பெட்ரோல் காருக்கு ‘எஸ்’ என்றும், டீசலுக்கு ‘சி’ என்றும் தொடங்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால், விலை அதிகமான அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

காசுக் கணக்கு

ஒரு காருக்கு 4 லிட்டர் பிடிக்கிறது. சாதா ஆயில் லிட்டர் 350 ரூபாய், சிந்தெடிக் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,400 ரூபாய் வித்தியாசம். ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு’ என்று கையேட்டில் இருந்தால், வருடம் 5,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கும் வருடம் ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். கையேடு சாதா ஆயிலை அனுமதித்தால், அந்த 1,400 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். டர்போ இன்ஜினுக்கு சிந்தெடிக் என்று போட்டிருந்தால், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே ஆயில் குடிக்கும் இன்ஜினை சிந்தெடிக் சரிசெய்யாது. காசுதான் புகையாகப் போகும்.

மாற்றும்போது...

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். சிந்தெடிக்கிலிருந்து சாதாவுக்கு வந்தால், அடுத்த ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வழியில் ஆயில் குறைந்து, அதே வகை கிடைக்காவிட்டால், அதே எண்ணும் தரமும் உள்ள வேறு வகையைத் தயங்காமல் ஊற்றலாம். ஆயில் இல்லாமல் ஓட்டினால், இன்ஜின் ‘சீஸ்’ ஆகிவிடும்.

வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும்.

மிச்ச ஆயில் ஜாக்கிரதை!

காரில் மிஞ்சியதை பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். கார் ஆயில் பட்டால் வழுக்கலாம். பைக்குக்கு ‘ஜாசோ எம்.ஏ.’ குறியீடு உள்ள ஆயில் வேண்டும். ஆயில் பிரேக் உள்ள டிராக்டரின் கியர் பெட்டிக்கும் தனி ஆயில் உண்டு. அங்கே இன்ஜின் ஆயில் ஊற்றினால், பிரேக்குக்கே ஆபத்து.

வடித்த கழிவு ஆயிலை வரப்பிலோ, கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. மண்ணும் தண்ணீரும் கெடும். கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். புது ஆயில் வாங்கிய காலி டப்பாவை வெட்டிப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அது பயன்படாமல் போகும்.