கண்ணிற் படரும் படலமும் உடலில் மறைந்த நோயும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது மூதுரை. அச்சிரசினும் கண்ணே சிறந்தது என்பதை, பார்வை குன்றிய முதியவர் ஒருவர் உள்ள வீட்டார் நன்கறிவர். நேற்றுவரை தாமே பஞ்சாங்கம் பார்த்தவர் இன்று திதி பார்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறார். விறாந்தைப் படியைக் காலால் தடவித் தடவி இறங்குகிறார். "வயது போனாற் கண் மங்குவது இயல்புதானே" என்று வீட்டாரும் அமைந்துவிடுகின்றனர்.

முதுமையிற் கண்ணிற் படலம் படர்வது பெருவழக்கு என்பது உண்மையே. உலகிற் பார்வை இழப்பிற்குத் தலையாய காரணமும் இதுவே. ஆயினும், படலம் எல்லாம் முதுமையின் செயல் அன்று. உடலில் வேறோரிடத்தில் மறைந்துள்ள நோய் கண்ணில் வந்து தன்னைக் காட்டிக்கொள்வதும் உண்டு. அதனை உணராது படலத்தை மாத்திரம் நீக்கிவிட்டு இருப்போமாயின், நோய் தன் வேலையை உள்ளே செய்துகொண்டேயிருக்கும்.

வில்லையின் இயல்பு

கண்மணிக்குப் பின்னே பளிங்கு போன்ற சிறு வில்லை ஒன்று உண்டு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரு பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் புரதம். அப்புரதம் ஒழுங்குற அமைந்திருத்தலினாலேயே ஒளி தடையின்றி உட்செல்கின்றது. ஒழுங்கு குலைந்தால் வில்லை வெளிறிவிடும்.

மீன் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். குழம்பில் வெந்த மீன்தலையின் கண்ணிலிருந்து முத்துப்போன்ற வெள்ளை உருண்டை ஒன்று வெளிவரும். அதுவே மீனின் கண்வில்லை. பச்சை மீனில் அது தெளிந்த பளிங்காக இருந்தது. வெப்பத்தாற் புரதம் திரண்டு வெண்மையாயிற்று. மனிதக் கண்ணில் அடுப்பு இல்லை. ஆனால், முதுமையும் வெயிலும் புகைபிடித்தலும் காயமும் நோயும் அதனையொத்த மாற்றத்தை மெல்ல மெல்ல விளைவிக்கின்றன. வெந்த முட்டையின் வெண்கரு மீண்டும் தெளியாதது போல, முற்றிய படலமும் சொட்டு மருந்தினால் தெளிவதில்லை.

இவ்வில்லைக்கென இரத்தக் குழாய் எதுவும் இல்லை. தன்னைச் சூழ்ந்துள்ள தெளிந்த நீரிலிருந்தே அது உணவு பெறுகின்றது. அந்நீரோ இரத்தத்திலிருந்து ஊறுவது. ஆகவே, இரத்தத்தில் நேரும் கேடு வில்லையையும் சென்று சேர்கின்றது.

நீரிழிவு செய்யும் கேடு

நம் முன்னோர் சலரோகம் என வழங்கிய நீரிழிவே இதற்குச் சிறந்த உதாரணம். இரத்தத்தில் மிகுந்த சீனி வில்லையினுள்ளும் புகுகின்றது. அங்கே அதன் ஒரு பகுதி சோபிற்றோல் என்னும் வேறொரு பொருளாக மாறுகின்றது. அப்பொருள் எளிதில் வெளியேற மாட்டாது. உள்ளிருந்தபடியே நீரை இழுக்கும். வில்லை வீங்கும், நாளடைவிற் படலம் தோன்றும். இதனால், நீரிழிவு உடையோர்க்குப் படலம் ஏனையோரினும் முந்தி வருகின்றது.

படலம் தோன்றுமுன்னரும் ஓர் அறிகுறி உண்டு. சீனி ஏறி இறங்குந்தோறும் பார்வையும் மாறும். இதனை அறியாதார் மூக்குக்கண்ணாடியை மாற்றுவர். சில வாரங்களில் அதுவும் பொருந்தாது போகும். இத்தகையோர் கண்ணாடிக் கடைக்குச் செல்லுமுன் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் நன்று. கண்ணாடியின்றி வாசிக்க இயலாதிருந்த முதியவர் திடீரெனக் கண்ணாடியின்றியே வாசிக்கத் தொடங்குவாராயின், அதுவும் மகிழ்ச்சிக்குரியதன்று. வில்லையின் நடுப்பகுதி தடித்துப் படலம் தொடங்குவதன் அடையாளமாக அது இருத்தல் கூடும்.

குழந்தையின் கண்ணும் தாயின் நோயும்

1941ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே கண் வைத்திய நிபுணர் நோர்மன் கிரெக் ஒரு புதுமையைக் கண்டார். பிறவியிலேயே கண்ணிற் படலமுடைய குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகையினராக வந்தனர். அவர் ஆராய்ந்த 78 குழந்தைகளுள் மிகப் பெரும்பாலாரின் தாய்மார் கருவுற்ற தொடக்க மாதங்களில் ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா நோயால் வருந்தியவர்கள். தாய்க்குச் சிறு காய்ச்சலும் தடிப்புமாக வந்து போகும் அந்நோய், கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் செவியையும் இருதயத்தையும் தாக்கும் என்பதை உலகம் அறிந்தது அவர் கண்ட அப்படலங்களினாலேயாம்.

அவ்வறிவின் பயனை நம் நாடும் பெற்றது. 1996இல் இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி புகுத்தப்பட்டது. 2020இல் இந்நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசியைத் தவறவிடாதிருப்பதாலேயே இந்நன்மை நிலைபெறும்.

பாலிலுள்ள ஒரு வகைச் சீனியைச் சீரணிக்க இயலாக் குறையுடன் பிறக்கும் குழந்தைகளும் அரிதாக உளர். அவர்களுக்குப் பாலே நஞ்சாகிக் கண்ணிற் படலம் உண்டாகும். காலத்தே கண்டறிந்து பாலை நிறுத்தினால் அப்படலம் பெரும்பாலும் விலகும். குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தோன்றின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. அது படலமாக இருக்கலாம். உயிர்க்கே இறுதி செய்யும் கட்டியாகவும் இருக்கலாம்.

மருந்தே காரணமாதல்

தொய்வு, மூட்டுவாதம், தோல் நோய் முதலியவற்றுக்கு வழங்கப்படும் ஸ்டீரொயிட் மருந்துகள் உயிர் காப்பன. ஆனால் நெடுநாள் உபயோகித்தால் வில்லையின் பின்புறத்தே படலத்தை உண்டாக்கவும் வல்லன. பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் மீண்டும் மீண்டும் வாங்கி உபயோகிப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக. இவற்றை வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்துதலும் ஆபத்தேயாம்.

சிகிச்சை

கண்ணோய்கள் தொண்ணூற்றாறு என வகுத்தது தமிழ் வைத்திய மரபு. மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1867இல் "இரணவைத்தியம்" என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். அக்காலத்தில் வில்லையை அகற்றினால் தடித்த கண்ணாடி அணிவதன்றி வேறு வழியில்லை. 1949இல் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணினுள்ளே பொருத்தினார். 1992 முதல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலாப் அத்தகைய வில்லைகளைக் குறைந்த விலையிற் செய்து வருகின்றது. இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

"படலம் முற்றட்டும், பிறகு பார்ப்போம்" என்னும் பழைய எண்ணம் இன்னும் நம் வீடுகளில் உளது. அது பழைய முறைக்கே பொருந்தியது. இன்று அளவிறந்து முற்றவிடுதல் சிகிச்சையைக் கடினமாக்கும். சிலருக்குக் கண்ணின் அமுக்கத்தை ஏற்றிப் பார்வையையே கெடுத்துவிடும்.

இன்னொன்றும் மறத்தலாகாது. படலத்தை நீக்குதல் மங்கிய யன்னற் கண்ணாடியை மாற்றுவதை ஒக்கும். நீரிழிவு விழித்திரையையும் கெடுத்திருக்குமாயின், புதுவில்லை இட்டும் பார்வை முழுதும் தெளியாது. அதனால், நீரிழிவு உடையோர் படலம் இல்லாதபோதும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழித்திரையைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். நாற்பது ஐம்பது வயதிலேயே படலம் கண்டோர் அதன் காரணத்தையும் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

பெற்றோர் தம் கண் மங்கியதைச் செலவுக்கும் சிரமத்துக்கும் அஞ்சிப் பிள்ளைகளிடம் பலகாலும் சொல்வதில்லை. விளக்கைத் தூண்டச் சொல்வதும், தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவதும், முகம் தெரியாது குரல் கேட்டு ஆளை அறிவதுமே அவர்கள் சொல்லாமற் சொல்லும் சொற்கள். வீட்டிலுள்ள இளையோர் அவற்றைக் கேட்டு, கண்ணை மாத்திரமன்றி உடலையும் பரிசோதிக்க அவர்களை அழைத்துச் செல்வாராக.