வத்தல் விற்க வாட்ஸ்அப் போதுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், நாகலாபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கரிசல் காடுதான். எல்லாம் மானாவாரி. மழையை நம்பி மிளகாய், கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி என்று விதைக்கிறார்கள். தை, மாசியில் மிளகாய்ப் பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்கு ஏற்றுகிறார்கள். விலை என்னவென்று அங்கே போன பிறகுதான் தெரியும்.

அதே வீடுகளில் படித்த பிள்ளைகளின் கையில் இப்போது செல்போன் இருக்கிறது. "நாமே போட்டு விற்றால் என்ன?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. வத்தலுக்கு மட்டுமல்ல, வீட்டில் அரைக்கும் மசாலாப் பொடி, தையல், கடலை மிட்டாய், வேம்பார் கருப்பட்டி என்று எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். சமூக வலைதளங்களில் சிறுதொழிலை எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப். முதலில் எதில் இறங்குவது?

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தொடங்குங்கள். இது சாதாரண வாட்ஸ்அப் அல்ல. வியாபாரிகளுக்கென்று 2018-ல் வந்த தனிச் செயலி. கட்டணம் கிடையாது. கடை முகவரி, நேரம், பொருள்களின் படமும் விலையும் கொண்ட கேட்டலாக், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குத் தயார் பதில் என்று எல்லாம் அதிலேயே உண்டு. வீட்டு நம்பரில் போடாமல் இதற்கென்று ஒரு சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாடிக்கையாளர் யார் என்பதையும் யோசியுங்கள். சென்னை, திருப்பூர், பெங்களூரு என்று பிழைப்புக்குப் போன உங்கள் ஊர்க்காரர்கள்தான். நம்ம ஊர் வத்தலின் காரமும் நிறமும் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சொல்லித்தான் பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவார். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் உங்களைத் தெரியாதவர்கள் கண்ணில் படுவதற்கு. யூடியூப் வீடியோ, போட்டு ஒரு வருடம் ஆன பிறகும் தேடுபவருக்குக் கிடைக்கும்.

தையல் கடை, மாவு மில், பஞ்சர் கடை வைத்திருப்பவர்களின் நிலை வேறு. சென்னையில் ஆயிரம் பேர் லைக் போட்டு என்ன பயன்? அவர்களுக்கு வேண்டியது கூகுள் மேப்பில் கடையின் பெயர். அதைப் பதிவு செய்வதும் இலவசம்தான்.

போனில் ஆயிரம் நம்பர் இருக்கிறது. எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். கேட்காமல் குரூப்பில் சேர்த்தால் பாதிப் பேர் வெளியேறுவார்கள், சிலர் 'ரிப்போர்ட்' கொடுப்பார்கள். அப்படிப் புகார்கள் சேர்ந்தால் உங்கள் நம்பரையே வாட்ஸ்அப் முடக்கிவிடலாம். குரூப்பில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியும் என்பதும் பெண் வாடிக்கையாளர்களுக்குச் சங்கடம்.

பதிலாக பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். வழக்கமான பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். எனவே முதல் பார்சலோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: "இந்த நம்பரைப் பதிந்துகொண்டால், அடுத்த பறிப்பு வந்ததும் தகவல் சொல்கிறோம்." வேண்டாம் என்பவரை அன்றே நீக்கிவிடுங்கள். தினம் மூன்று முறை 'காலை வணக்கம்' அனுப்பும் கடைக்காரரை யாரும் பதிந்து வைத்திருக்க மாட்டார்கள்.

நல்ல கேமரா இல்லை, ஆங்கிலமும் வராது. வீடியோ எப்படி எடுப்பது?

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018-ல் தொடங்கியது 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. வயல்வெளியில், திறந்த அடுப்பில், தமிழில் பேசியே சமைத்தார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். அரங்கமும் ஆங்கிலமும் அங்கே தேவைப்படவில்லை.

வத்தலுக்கு முப்பது விநாடி போதும். காலை வெயிலில் களத்தில் பரப்பிய வத்தலை முதலில் காட்டுங்கள். ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். ஒன்றை ஒடித்துக் காட்டுங்கள். பெண்கள் காம்பு கிள்ளுவதையும், வெளுத்துப்போன சண்டு வத்தலைத் தனியே ஒதுக்குவதையும் காட்டுங்கள். அவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் தராசில் ஒரு கிலோ. பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். காப்புரிமைச் சிக்கல் வரும். வத்தல் குலுங்கும் சத்தமும் கேட்காது. வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்புவது, காய்ச்சல் சரியா, கலப்படம் உண்டா என்ற இரண்டைத்தான். அந்த இரண்டையும் கண்ணால் காட்டிவிட்டால் பேச்சு குறைவாக இருந்தாலும் போதும்.

லைக் நிறைய வருகிறது, ஆர்டர் வரவில்லையே?

லைக் போடுபவர் எல்லோரும் வாங்குபவர் அல்ல. ஆனால் வாங்க வந்தவரையும் விரட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. "விலைக்கு இன்பாக்ஸ் பண்ணவும்" என்று எழுதுவது. விலையை மறைத்தால், அதிகமாக இருக்குமோ என்றுதான் நினைப்பார்கள். இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"சம்பா வத்தல், இந்த மாசிப் பறிப்பு. காம்பு நீக்கியது. ஒரு கிலோ இத்தனை ரூபாய், தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவு உட்பட. திங்கள், வியாழன் பார்சல் போடுகிறோம். உடைந்தோ ஈரமாகவோ வந்தால் படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்."

பொருள், விலை, அனுப்பும் நாள், பொறுப்பு என்று நான்கும் இதில் இருக்கின்றன. கேள்வி கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். மறுநாள் சொல்லும் பதிலுக்குள் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

காசு கட்டி 'பூஸ்ட்' செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம். காசு கட்டாமலே எந்தப் பதிவுக்கு நிறைய பேர் விலை கேட்டார்களோ, அந்தப் பதிவுக்கு மட்டும் சிறு தொகை போட்டுப் பாருங்கள். யாருக்குக் காட்டுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: எந்த ஊர், எந்த வயது. 'இந்தியா முழுவதும்' என்று விட்டுவிட்டால் தமிழே தெரியாதவர் திரையிலும் உங்கள் பணம் கரையும். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விடுங்கள். செலவு செய்த தொகைக்கு எத்தனை ஆர்டர் வந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். காசுக்கு ஃபாலோயர் விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

என்ன விலை வைப்பது?

கணக்குக்காக, கமிஷன் கடையில் கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காம்பும் சண்டும் போனால் கிலோவுக்கு 100 கிராம் குறையும். ஆகவே சுத்தம் செய்த ஒரு கிலோவின் அடக்கம் 200 ரூபாய். கிள்ளுகிற கூலி 15, பை, அட்டைப்பெட்டி, டேப் 20, கூரியர் 80. மொத்தம் 315 ஆகிவிட்டது. 350-க்கு விற்றால் மிச்சம் 35 ரூபாய்தான்.

'பொருள் வந்ததும் பணம்' என்று அனுப்பி, பத்தில் ஒருவர் வாங்காமல் திருப்பிவிட்டார் என்றால்? போக 80, வர 80, பெட்டி 20 என 180 ரூபாய் நஷ்டம். மற்ற ஒன்பது பேரிடம் கிடைத்த 315-ல் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். அதனால் புதியவரிடம் முன்பணம் கேட்பதில் தவறில்லை. இரண்டு கிலோ சேர்த்து வாங்குபவருக்கு அனுப்பும் செலவு பெரும்பாலும் இரட்டிப்பாகாது. அந்த மிச்சத்தில் கொஞ்சத்தை அவருக்கே தள்ளுபடியாகக் கொடுக்கலாம்.

வீட்டிலிருந்து விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?

தன் நிலத்தில் விளைந்ததைக் களத்தில் காயவைத்து அப்படியே விற்கும் விவசாயியை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. அதையே அரைத்துப் பொடியாக்கி, பாக்கெட்டில் அடைத்து விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யில் பதிவு வேண்டும். வீட்டு அடுப்பில் செய்யும் ஊறுகாய், தட்டை, மிட்டாய்க்கும் அப்படியே. சிறிய அளவில் செய்பவருக்குப் பதிவே போதும். விற்றுமுதல் பெருகினால்தான் உரிமம். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கூடவே பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் ஆகியவையும் வேண்டும்.

ஜிஎஸ்டியில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை பெங்களூருக்கோ மும்பைக்கோ அனுப்பினால் இந்த வரம்பு பொருந்தாது; பதிவு கட்டாயம். தன் விளைச்சலை விற்கும் விவசாயிக்கு விலக்கு உண்டு. வாங்கி விற்பவருக்கும் அரைத்து விற்பவருக்கும் கிடையாது. வெளிமாநில ஆர்டர் எடுக்கும் முன் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

"சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று கருப்பட்டியைப் போட்டால் நன்றாக விற்கிறதே?

விற்கும், வழக்கும் வரும். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு உங்களைப் பாராட்டி வீடியோ போடுபவரும், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பெயருக்கு மவுசு இருக்கிறது என்று 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று போட்டுக்கொள்ளலாமா?

அந்தப் பெயர் 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. குறியீட்டுப் பகுதிக்குள் முறைப்படி தயாரித்து, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்களுக்கே அந்தப் பெயர் உரியது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் இதே விதிதான். பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. நாகலாபுரத்து வத்தலை ராமநாதபுரம் என்றும், வேம்பார் கருப்பட்டியை உடன்குடி என்றும் சொல்லி விற்பானேன்? சொந்த ஊர்ப் பெயரிலேயே போடுங்கள். பத்து வருடம் நல்ல சரக்குக் கொடுத்தால் அந்தப் பெயருக்கும் மதிப்பு வரும்.

தீபாவளிக்குச் சிவகாசிப் பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கலாமா?

கூடாது. இணையம் வழியாகப் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தது. தபாலிலும் கூரியரிலும் அனுப்பவும் முடியாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பாதி விலையில் பட்டாசு என்று வலைதளத்தில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் இழப்பவர்கள் பலர்.

மொத்தமாக ஐம்பது கிலோ கேட்டு ஒருவர் கூப்பிடுகிறார். பணம் அனுப்ப கியூஆர் கோடு அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?

போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் போட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று பொருள். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பெரிய ஆர்டர் தருவது பழைய தந்திரம். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் போடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

கணக்கு திடீரென்று போய்விட்டால்?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்த பலருக்கு மறுநாள் கூப்பிட ஒரு நம்பர்கூட மிஞ்சவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. வலைதளம் வாடகை இடம்தான். வாங்கியவரின் பெயர், போன், ஊர், வாங்கிய பொருள், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் உண்மையான சொத்து அந்த நோட்டுதான்.

அப்படியானால் கமிஷன் கடையை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். அவசரத்துக்கு முன்பணம் தருவதும், முப்பது மூட்டையை ஒரே நாளில் எடுத்துக்கொள்வதும் அவர்கள்தான்; எந்த ரீல்ஸும் அதைச் செய்யாது. இந்தப் பறிப்பில் ஒரு மூட்டையை மட்டும் ஒதுக்குங்கள். சுத்தம் செய்து, தெரிந்தவர்களிடமிருந்து தொடங்கி, கிலோ கிலோவாக விற்றுப் பாருங்கள். எல்லாச் செலவும் போக, கமிஷன் கடை விலையைவிடக் கையில் கூடுதலாக நின்றால், அடுத்த பறிப்பில் மூன்று மூட்டையாக்குங்கள். ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் கேட்டு வருகிறாரா என்று பாருங்கள். வரவில்லை என்றால் விளம்பரத்தைக் கூட்டாதீர்கள், சரக்கைச் சரிசெய்யுங்கள்.