கழிவு எப்போது சரக்காகும்?

கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், கடலோரமாக இருக்கிறது கலுண்ட்போர்க். அங்குள்ள ஆஸ்னஸ் அனல்மின் நிலையம், புகையோடு போகும் கந்தகத்தைப் பிடிக்க 1993இல் ஏற்பாடு செய்தது. சுண்ணாம்பைக் கொண்டு கந்தகத்தைப் பிடித்தால் மிஞ்சுவது ஜிப்சம். அதே ஊரில் ஜிப்சம் பலகை செய்யும் ஆலை ஒன்று, ஸ்பெயினிலிருந்து கனிமத்தை வரவழைத்துக்கொண்டிருந்தது. மின் நிலையத்தில் மிஞ்சியதை அது வாங்கத் தொடங்கியது. மின் நிலையத்தின் நீராவி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது. இன்சுலின் தயாரிப்பில் மிஞ்சிய ஈஸ்ட், பன்றிகளுக்குத் தீவனமானது.

ஓர் ஆலையின் மிச்சம் இன்னோர் ஆலையின் மூலப்பொருளாகும் இந்த ஏற்பாட்டைத் தொழில் கூட்டுவாழ்வு என்கிறார்கள். இதற்காகவே திட்டமிட்டு அமைக்கும் பேட்டைக்குச் சூழல் தொழிற்பூங்கா என்று பெயர். கலுண்ட்போர்க்கையோ யாரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. 1961இல் டிஸ்ஸோ ஏரியிலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்குத் தண்ணீர்க் குழாய் போட்டதில் தொடங்கி, இரண்டிரண்டு ஆலைகளாகப் பேசி ஒப்பந்தம் செய்தே அது வளர்ந்தது. டென்மார்க்கின் அதிகாரிகளும் ஆலைகளோடு கலந்து பேசி அனுமதி நிபந்தனைகளை வகுப்பவர்கள். எல்லா இடத்திலும் அந்த இணக்கம் வாய்ப்பதில்லை. மிஞ்சிய பொருள் கழிவா, சரக்கா என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கும். சரக்கு என்றால் விலைச்சீட்டு போதும். கழிவு என்றால் உரிமம், பதிவேடு, லாரிக்குத் தனி ஆவணம், வாங்குபவருக்கும் அனுமதி.

ஃபின்லாந்தின் பாலின் கிரானிட் நிறுவனத்தின் வழக்கு இந்தக் கேள்வியோடு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அதன் குவாரியில் வெட்டிய கல்லில் 65 முதல் 80 சதவீதம் வரை உதவாத துண்டுகளாக மிஞ்சியது. அவை பாறையிலிருந்து எந்த விதத்திலும் வேறுபட்டவை அல்ல, ஜல்லிக்கோ அலைத்தடுப்புச் சுவருக்கோ ஆகும் என்பது நிறுவனத்தின் வாதம். 2002 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. என்றைக்கோ ஒருநாள் விற்கலாம் என்று காலவரையின்றிக் குவித்துவைத்த கல் கழிவுதான் என்றது.

கடுமையாகத் தோன்றினாலும் நியாயமான தீர்ப்பு இது. ‘பிறகு பயன்படும்’ என்று சொல்லியே மலைபோல் குவிக்கப்பட்டவை உலகெங்கும் கிடக்கின்றன. 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கழிவுச் சட்டத்தில் நான்கு நிபந்தனைகளை எழுதியது: பொருள் பயன்படப்போவது உறுதியாக இருக்க வேண்டும், வழக்கமான தொழில் நடைமுறைக்கு மேல் பதப்படுத்தாமலே பயன்பட வேண்டும், உற்பத்தியின் பிரிக்க முடியாத பகுதியாக உண்டாகியிருக்க வேண்டும், உடல்நலத்துக்கும் சூழலுக்கும் கேடில்லாமல் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். நான்கும் நிறைவேறினால் அது கழிவல்ல, துணைப்பொருள்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் 9ஆவது விதி இதற்கு வழிவிடுகிறது. ஓர் ஆலையின் அபாயகரக் கழிவை இன்னோர் ஆலை மூலப்பொருளாக்கலாம். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த செயல்முறையின்படி மாநில வாரியத்திடம் அங்கீகாரம் பெற வேண்டும். செயல்முறை வகுக்கப்படாத கழிவென்றால், சோதனை ஓட்டம் நடத்திக் காட்டி மத்திய வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு கோப்பு. முலாம் பூசும் சிறு பட்டறைக்காரருக்கோ தாங்க முடியாத செலவு.

அதற்காகக் கதவை அகலத் திறந்துவிட முடியாது. 2022 ஜனவரியில் சூரத்தின் சச்சின் தொழிற்பேட்டையில், டேங்கர் லாரியிலிருந்து ரசாயனக் கழிவைக் கள்ளத்தனமாக ஓடையில் திறந்துவிட்டபோது எழுந்த நச்சு வாயுவில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். லாரி ஆவணம் வெறும் காகிதமல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சட்டம் அனுமதிப்பதோடு நிற்காமல் கட்டாயப்படுத்தவும் செய்யும். அனல்மின் நிலையச் சாம்பல் பற்றி 1999 முதல் மத்திய அரசின் அறிவிக்கைகள் உள்ளன. 2021 டிசம்பர் 31ஆம் தேதி அறிவிக்கையின்படி சாம்பல் முழுவதும் சிமென்ட், செங்கல், சாலை போன்றவற்றுக்குப் பயன்பட வேண்டும். தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் சூழல் இழப்பீடு. சாம்பல் குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆறு தூர்ந்துபோன எண்ணூர் மீனவர்களைக் கேட்டால், இந்தக் கட்டாயம் எவ்வளவு தாமதமாக வந்தது என்று சொல்வார்கள்.

ஆபத்தில்லாத பொருளுக்கு ஒப்பந்தமே போதும். கரூர் மாவட்டத்தின் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த கரும்புச் சக்கையைப் பெற்றுக்கொண்டு, ஈடாக எரிபொருளோ நீராவியோ தரும் முறையில் வளர்ந்தது. அதன் சிமென்ட் ஆலைக்குக் காகிதத் தயாரிப்பில் மிஞ்சும் சுண்ணாம்புச் சேறும் சாம்பலும் போகின்றன.

அபாயகரக் கழிவுக்கான அங்கீகாரம் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே தரப்படுகிறது. ஒவ்வோர் ஆலையும் என்ன கழிவு, எவ்வளவு என்று வாரியத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது. அவற்றைப் பேட்டைவாரியாகத் தொகுத்து வெளியிட்டாலே, பக்கத்து ஆலைக்கு எது பயன்படும் என்று சிறு தொழில் செய்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரே வகைக் கழிவு உள்ள பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே சோதனை ஓட்டத்தை நடத்தவும், அந்தச் செலவைப் பேட்டை நிர்வாகம் முதலில் ஏற்கவும் விதியில் இடம் தர வேண்டும்.