பேரு குறையும் மாதத்துக்கும் ஒரு கணக்கு

தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒருமுறைதான் கைக்கு வருகிறது. ஆனாலும் அதை மாதச் சம்பளம் என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் எத்தனை பேரு, அதாவது பதிவான வேலை நாள், விழுந்ததோ அத்தனை நாளுக்குத்தான் காசு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேரு. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. அன்றைக்குப் பேரே இல்லாமலும் போகலாம். கித்துல்கலயில் இது அடிக்கடி நடப்பது. மேலே கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை கொட்டும். அந்த மேகத்தின் அடிவாரத்தில்தான் கித்துல்கல கிடக்கிறது. களனி கங்கையில் படகுச் சவாரிக்கு வருகிறவர்களுக்கு மழை ஒரு கொண்டாட்டம். மேட்டு லயத்தில் இருக்கும் பால்வெட்டுக்காரருக்கு அது சம்பளச் சீட்டில் அழிந்துபோன இரண்டு மூன்று நாள்.

குடும்பச் செலவைத் திட்டமிடுவது பற்றிப் பத்திரிகைகளில் வரும் அறிவுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரருக்காக எழுதப்பட்டவை. அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய புத்தகத்தால் பிரபலமான ஒரு சூத்திரம் இருக்கிறது: வருமானத்தில் பாதி அவசியத்துக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. தோட்டத்துக் குடும்பத்தில் அரிசி, மா, பருப்பு, தேங்காய், கருவாடு ஆகியவை மட்டுமே அந்தப் பாதியைத் தின்றுவிடும். பிள்ளைகளின் பாடசாலை வான் காசு இன்னும் கொடுக்கவில்லை, மின்சாரம் கட்டவில்லை. சூத்திரத்தில் பிழையில்லை; பேரு எண்ணிச் சம்பளம் வாங்கும் வீட்டை வைத்து அதைப் போடவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 22 பேரு விழுந்தால் 29,700 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,376 ரூபாய் பிடித்தால் மிச்சம் 27,324. சங்கச் சந்தா, மரண உதவிச் சங்கம், கோயில் வரி, முற்பணப் பிடிப்பு எல்லாம் இதற்குப் பிறகு. கணவன் பால் வெட்டுகிறார், மனைவி கொழுந்து பறிக்கிறார், இருவருக்கும் 22 பேரு என்று வைத்தால் 54,648 ரூபாய். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் 2025-இல் வெளியிட்டு வந்த வறுமைக்கோடு ஓர் ஆளுக்கு மாதம் 16,000 ரூபாய்க்கும் 17,000 ரூபாய்க்கும் இடையில் இருந்தது. இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு அது 64,000 ரூபாய்க்கு மேல். கணவனும் மனைவியும் ஒழுங்காக வேலைக்குப் போயும் அந்தச் சம்பளத்தில் அந்த வீடு கோட்டுக்குக் கீழேதான் நின்றது. ‘சிக்கனமாக இருங்கள்’ என்று இவர்களுக்கு மேடையில் புத்தி சொல்கிறவர்கள் முதலில் இந்தக் கழித்தல் கணக்கைச் செய்து பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறுமை 14.3 சதவீதம்; தோட்டத் துறையில் 33.8 சதவீதம். அது 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய எண்ணிக்கை.

2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாய், அதோடு வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாய் ஊக்குவிப்பு, மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். ஊக்குவிப்பில் பிடிப்பு இல்லை என்று வைத்தால் 22 பேருக்குக் கையில் 35,772 ரூபாய் வரும். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் மழை மாதத்தில் 16 பேருதான் விழுந்தது என்றால் அதே ஆளுக்கு 26,016 ரூபாய். ஒருவருக்கு மட்டும் 9,756 ரூபாய் குறைவு. இருவரும் அப்படி நனைந்தால் ஏறத்தாழ இருபதாயிரம்.

தோட்டத்துக் குடும்பத்தின் முதல் சிக்கல் இந்த இருபதாயிரம் ரூபாய் ஏற்ற இறக்கம்தான் என்பது என் எண்ணம். வருமானம் குறைவு என்பது தெரிந்த கதை. அது எந்த மாதம் எவ்வளவு குறையும் என்று தெரியாமல் இருப்பதுதான் வீட்டைக் கடனுக்குத் தள்ளுகிறது. பங்களாதேசம், இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் சுமார் 250 வறிய குடும்பங்களின் வரவு செலவை ஓர் ஆண்டு முழுக்க எழுதிப் பார்த்த ஆய்வாளர்கள் 2009-இல் ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த பூர்’ என்ற நூலில் சொன்னதும் இதையே. கையில் காசு குறைவாகப் புழங்கும் வீடுகள்தான் கைமாத்து, சீட்டு, அடகு, கடைக்கடன் என்று அதிகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கின்றன. லயத்து அம்மாமாருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஆகவே கணக்கை நல்ல மாதத்தை வைத்துப் போடக்கூடாது. 16 பேரு மாதத்தை வைத்துப் போட வேண்டும். அரிசி, மா, தேங்காய், மின்சாரம், பாடசாலை வான், சீட்டுக்காசு ஆகிய தவிர்க்க முடியாதவை அந்தத் தொகைக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். 22 பேரு விழுந்த மாதத்தில் வரும் மேல்காசு, ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்து, மகன் கொழும்புக் கடையிலிருந்து அனுப்பும் தொகை ஆகியவற்றுக்குச் செலவை முன்கூட்டியே கட்டி வைக்கக்கூடாது. நல்ல மாதத்தை நம்பித் தவணைக்கு எடுத்த கைபேசிக்கு மழை மாதத்திலும் தவணை கட்டித்தானே ஆக வேண்டும்.

வருடக் கணக்கு இன்னும் சிக்கல். தை பிறந்தால் பொங்கல். பாடசாலை புது வகுப்புக்குச் சப்பாத்து, கொப்பி, பை. மாசி பங்குனியில் ரப்பர் இலை உதிர்த்துப் பால் சுருங்கும் காலம். அது முடிவதற்குள் சித்திரை வருடப்பிறப்பு வந்துவிடும். பல தோட்டங்களில் அம்மன் திருவிழாவும் அதை ஒட்டியே. வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கும். ஐப்பசியில் தீபாவளி. ரப்பர் வீட்டில் வரவு சுருங்கும் நேரமும் செலவு வீங்கும் நேரமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. தேயிலை இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. சித்திரையை ஒட்டிக் கொழுந்து நன்றாகத் துளிர்க்கும். ஒரே வீட்டில் ஒருவர் பாலிலும் ஒருவர் கொழுந்திலும் இருப்பது அந்த வகையில் ஒரு காப்பு.

தீபாவளி முற்பணம் வட்டியில்லாத கடன், எனவே நல்ல கடன். 20,000 ரூபாய் எடுத்து மாதம் 2,000 என்று பிடித்தால் முடியப் பத்து மாதம். முடிந்த கையோடு அடுத்த தீபாவளி வந்து நிற்கும். அதாவது அந்த 2,000 ரூபாய் நம் சம்பளத்தில் இல்லவே இல்லை என்று எண்ணிக்கொள்வதே சரி. இதே முறையைத் திருவிழாவுக்கும் பாடசாலைச் செலவுக்கும் வீட்டிலேயே செய்யலாம். திருவிழாவுக்கு வருடம் 12,000 போகிறது என்றால் மாதம் ஆயிரம், தனி உண்டியல் அல்லது தனி வங்கிப் புத்தகம். திருவிழாச் செலவை வீண் என்று வெட்டச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வெட்டுகிறேன் என்று மாசியில் சொல்லும் குடும்பம் சித்திரையில் கடன் வாங்கிக் கும்பிடும். முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் வட்டி மிச்சம்.

வட்டி என்று வந்துவிட்டதால் ஒரு கணக்கு. குழுக்கடன் கொடுக்க வரும் அலுவலர் ‘மாதம் இரண்டு சதவீதம்தான் அக்கா’ என்பார். 50,000 ரூபாய், 12 மாதம். மாதம் ஆயிரம் வீதம் வட்டி 12,000, மொத்தம் 62,000, மாதத் தவணை ஏறத்தாழ 5,167. கேட்கும்போது ஆண்டுக்கு 24 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆறாம் மாதத்துக்குப் பிறகு கையில் இருப்பது கடனில் பாதியளவுதான். வட்டியோ முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 41 சதவீதத்தைத் தாண்டும். கடன் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘வட்டி முழுத்தொகைக்கா, மிச்சத்துக்கா?’ கோழி கிலோ 1,200 என்று வைத்தால் அந்த 12,000 ரூபாய் வட்டி பத்துக் கிலோ கோழி. ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்திச் சேமிக்கச் சொல்வதற்கு முன் இந்தப் பத்துக் கிலோவைப் பிடிக்க வேண்டும்.

கடைக் கடன் கொப்பியிலும் வட்டி இருக்கிறது, வேறு பெயரில். கொப்பிக்குச் சாமான் எடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். மாதம் 20,000 ரூபாய்ச் சாமானுக்கு நூற்றுக்கு ஐந்து கூடினாலும் ஆயிரம் ரூபாய். ஒரு நாள் பேரில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அதற்காகக் கடைக்காரரை வில்லனாக்க வேண்டியதில்லை. 2022-இல் மா கிலோ 400 ரூபாய் அளவுக்கு ஏறி, உணவுப் பணவீக்கம் செப்டம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது பல லயங்களில் ரொட்டி வெந்தது அந்தக் கொப்பியால்தான். அவசரத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் அரிசி, மா, பருப்பு, சீனி இந்த நான்கையும் சம்பள நாளிலேயே யட்டியாந்தோட்டைப் பக்கம் கைக்காசுக்கு மொத்தமாக எடுக்க முடிந்தால் அதுவே பெரிய விடுதலை. இரண்டு வீடு சேர்ந்து மூட்டை எடுத்தால் த்ரீவீலர் காசும் பாதி.

கொப்பியிலிருந்து வெளியே வர ஒரு மாதச் சாமான் காசு ஒரேயடியாகத் தேவை. அங்கேதான் சீட்டு உதவும். பத்துப் பேர், ஆளுக்கு 5,000, ஒரு தடவைக்கு 50,000. முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன்; கடைசியில் எடுப்பவருக்குக் கட்டாயச் சேமிப்பு. ஒரே ஆபத்து, எடுத்துவிட்டுக் கட்டாமல் விடும் ஆள். அதனால் பக்கத்துக் காம்பராக்காரர்களோடு, முகம் தெரிந்த சிறிய சீட்டாகப் போடுவதே நல்லது. எடுத்த காசில் முதலில் கொப்பியை மூடிவிட்டு, அடுத்த மாதச் சாமானைக் கையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அலுமாரி அதற்குப் பிறகு.

சாப்பாட்டில் கித்துல்கலக்காரருக்கு நுவரெலியாத் தோட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இது தாழ்ந்த, வெப்பமான மண். பலா, ஈரப்பலா, மரவள்ளி, முருங்கை எல்லாம் வரும். பலாக்காய்க் காலத்தில் வாரத்துக்கு மூன்று வேளை சோறு மிச்சமாகும். கித்துள் பாணியை விற்பதா தின்பதா என்பது மரம் வைத்திருப்பவர் பாடு. லயத்துக் கொல்லை நமக்குச் சொந்தமில்லை என்பதால் நீண்டகால மரம் வைக்கப் பலருக்கு மனம் வராது. அது நியாயமான தயக்கம். ஆனால் கீரையும் மிளகாயும் ஆறு மாதத்துக்குள் பலன் தந்துவிடும். இன்னொன்று: வீட்டில் காசு இறுகினால் முதலில் சுருங்குவது அம்மாவின் தட்டு. கடைசியில் உட்கார்ந்து மீதிச் சம்பலோடு ரொட்டி தின்றுவிட்டு அடுத்த நாள் கூடையைத் தூக்குகிறவருக்கு இரத்தம் குறைந்தால் பேரும் குறையும். முட்டை அவர் பெயருக்கும் எழுதப்பட வேண்டிய செலவு.

சாராயத்தைப் பற்றி எழுதாவிட்டால் மறைத்தேன் என்பார்கள். ஒரு போத்தல் இரண்டு நாள் பேருக்கும் மேல். எந்தக் கணக்கும் அதை ஏற்காது. ஆனால் குடியாத வீடுகளிலும் இதே கடன் இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு, தோட்டத்து வறுமை முழுவதையும் போத்தலுக்குள் அடைத்துப் பேசுவது சோம்பேறித்தனம் என்றே தோன்றுகிறது.

மின்சாரத்தில் 60 அலகு ஒரு எல்லை. அதைத் தாண்டினால் அலகு விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். மாத நடுவில் மானியை ஒருமுறை பார்ப்பது நல்லது. வரவுப் பக்கத்தில், அஸ்வெசும என்ற அரசாங்க உதவித்தொகை கிடைக்கும் வீடுகளில், 2025 முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். அது மழைக்குக் குறையாத வருமானம். அதை வான் காசு, டியூஷன் போன்ற தவறாத செலவோடு கட்டிவிடலாம்.

கடைசியாகச் சேமலாப நிதி. நாம் 8 சதவீதம் போடும்போது தோட்டம் 12 சதவீதம் போடுகிறது. லயத்தில் பலருக்கும் இருக்கும் ஒரே பெரிய சேமிப்பு இதுதான். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். பத்து வருடம் கட்டி, கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் இருந்தால் வீட்டுக்கோ சிகிச்சைக்கோ 30 சதவீதத்தை முன்னமே எடுக்கவும் வழி உண்டு. ஆனால் தோட்டத்துப் பேரு பதியும் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது என்று இருந்தால் காசு வருடக் கணக்கில் நின்றுவிடும். முத்துலெட்சுமி ஓரிடத்தில் லெட்சுமி, இன்னோரிடத்தில் முத்தம்மா. வேலையில் இருக்கும்போதே, தோட்ட அலுவலகத்தில் ஆளும் ஆவணமும் இருக்கும்போதே, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அதற்காகத் தொழில் அலுவலகத்துக்கு அலையும் ஒவ்வொரு நாளும் பஸ் காசு கையிலிருந்துதான் போகும்.