பழுதின் இடம் அறிதல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், சித்தன்னவாசல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கருங்கற்குன்று ஒன்று வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அக்குன்றில் ஏழடிப்பட்டம் என்று வழங்கும் இயற்கைக் குகையில், பண்டைச் சமண முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பாக விளங்குகின்றன. மேற்குச் சரிவிலே பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில் இருக்கின்றது. அதன் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைப் பொய்கை ஓவியம் புகழ் வாய்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவன் இக்கோயிலைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. பழுதுற்றதைச் செப்பனிட்டவனின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் நிலைத்திருக்கின்றது. இப்பாடம் கூறுவதும் பழுது பார்த்தலைப் பற்றியதே. ஆனால், இது கல்லில் நேர்ந்த பழுதன்று, கணினியில் நேரும் பழுதாகும்.

இக்குன்றின் அடிவாரத்தில் மாணவி ஒருத்தி வாழ்வதாகக் கொள்க. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவள். பொறியியற் கல்லூரியிற் சேர்வதற்குரிய விண்ணப்பத்தை இணையத்தின் வழியே அனுப்ப வேண்டும். அன்றே கடைசி நாள். தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்படி அவளுடைய அண்ணன் பெற்ற மடிக்கணினி வீட்டில் இருக்கின்றது. இணையத்திற்கு வேறு வழியில்லை. தந்தையின் கைப்பேசி ஒன்றே துணை. வீட்டின் ஒரு பக்கம் குன்று மறைத்து நிற்கின்றது. கருங்கல்லானது வானலைகளைப் பெரிதும் தடுக்கும் இயல்புடையது. ஆதலின், கைப்பேசியைச் சன்னலோரத்தில் வைத்தால்தான் அலைவரத்து நன்கு கிடைக்கின்றது. சன்னலருகே கைப்பேசியும், சற்றுத் தள்ளி மேசை மீது மடிக்கணினியுமாக வைத்து, இரண்டையும் புளூடூத் முறையில் இணைத்தாள். சிறிது நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பின்னர், திடீரெனத் திரை அசைவற்று நின்றது. எழுத்து ஏறவில்லை, அம்புக்குறி நகரவில்லை. மக்கள் வழக்கில் இதனைக் கணினி 'ஹேங்' ஆயிற்று என்பர்.

இந்நிலையில் பதறுதல் இயல்பே. எனினும், பதற்றம் பழுதைக் காட்டாது. முதலில், இணைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

கைப்பேசி பெறும் இணையத்தை மற்றொரு கருவிக்குப் பகிர்ந்தளித்தலை 'டெதரிங்' என்பர். ஆங்கிலத்தில் அச்சொல் கன்றையோ ஆட்டையோ முளையிற் கட்டுதலைக் குறிக்கும். இங்கே கைப்பேசியே முளை, மடிக்கணினியே கன்று. இரண்டையும் கட்டும் கயிறு மூவகைப்படும்: யு.எஸ்.பி. கம்பி, வைஃபை, புளூடூத் என்பன. கம்பி விரைவானது, ஆனால், இரு கருவிகளும் அருகருகே இருத்தல் வேண்டும். வைஃபையும் விரைவானதே, ஆனால், கைப்பேசியின் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். புளூடூத்தோ மெதுவானது, எனினும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும்.

புளூடூத் முறை 1994-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் உருப்பெறத் தொடங்கியது. டென்மார்க் நாட்டை 10-ஆம் நூற்றாண்டில் ஒன்றுபடுத்திய ஹரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயரே 'நீலப்பல்' எனப் பொருள்படும் புளூடூத் என்பதாகும். வெவ்வேறு கருவிகளை ஒன்றுபடுத்தும் முறைக்கு அப்பெயர் பொருந்துமெனக் கருதி அதனைச் சூட்டினர். இம்முறை 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்குகின்றது. அவ்வரிசையை 79 சிறு தடங்களாகப் பகுத்துக்கொண்டு, ஒரு நொடியில் 1,600 முறை தடம் விட்டுத் தடம் தாவிச் செய்தியை அனுப்புகின்றது. ஒரு தடத்தில் இரைச்சல் இருப்பினும், அடுத்த தடத்தில் செய்தி தப்பிச் செல்லும் என்பதே இத்தாவலின் பயன். ஆயினும், இத்தகைய இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 30 இலட்சம் பிட்டுகளே. நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவு.

இனி, பழுதின் வகையை ஆராய்தல் வேண்டும். 'நின்றுவிட்டது' என்னும் ஒரே சொல்லால் மக்கள் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றனர். இணையப் பக்கம் மட்டும் நின்று, அம்புக்குறி நகருமாயின், அது கணினியின் பழுதன்று, இணைப்பின் தளர்ச்சியே. ஒரு செயலி மட்டும் நின்று, மற்றவை இயங்குமாயின், அச்செயலியை மட்டும் மூடித் திறந்தால் போதும். அனைத்துமே நின்று, திரையிலுள்ள கடிகாரமும் ஓடாதிருப்பின், அதுவே உண்மையான உறைவு. இதனை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதன் சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால், கணினி உள்ளே இயங்குகின்றது எனலாம். சற்றுப் பொறுத்திருத்தல் தகும். மாறாவிடின் உறைவு முழுமையானது எனக் கொள்ளலாம். மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. புளூடூத் சுட்டெலியைப் பயன்படுத்துவோர் அம்புக்குறி நின்றதைக் கண்ட அளவில் கணினியே நின்றதென எண்ணிவிடுதல் கூடாது. சுட்டெலியும் இணையமும் ஒரே வானலைக் கருவியைப் பங்கிட்டுக் கொள்வதால், சுட்டெலி மட்டும் தடுமாறுதலும் உண்டு.

முழு உறைவு நேர்ந்தால், மின்விசையைச் சில நொடிகள் தொடர்ந்து அழுத்திக் கணினியை நிறுத்துவதே எஞ்சிய வழி. அதுவரை சேமிக்காத எழுத்து அதனால் அழிந்துபோகும். ஆதலால், நீண்ட விண்ணப்பத்திற்குரிய செய்திகளை முன்னரே தனிக் கோப்பில் எழுதிச் சேமித்து வைத்தல் அறிவுடைமையாகும். அம்மாணவி அவ்வாறு எழுதி வைத்திருந்தாள். ஆகவே, அவளுடைய உழைப்பு வீணாகவில்லை.

அவள் கணினியை மீண்டும் இயக்கியபோது இரண்டு வழிகள் முன்னின்றன. ஒன்று, பழுதின் காரணத்தைத் தேடுதல். மற்றொன்று, வேறு வழியில் விண்ணப்பத்தை அனுப்புதல். கெடு நெருங்கும்போது கடமையை முடித்தலே முதலாவது. அவள் கைப்பேசியின் மின்னேற்றக் கம்பியை எடுத்து, சன்னலருகே மடிக்கணினியையும் கொண்டு சென்று, கம்பி வழியே இரண்டையும் இணைத்தாள். விண்ணப்பம் குறித்த நேரத்திற்குள் சென்று சேர்ந்தது. கணினி ஒருமுறையும் நிற்கவில்லை.

இதனால் கடமை முடிந்ததோடு, பழுதைப் பற்றிய ஓர் உண்மையும் வெளிப்பட்டது. செல்பேசிக் கோபுரம், கைப்பேசி, இரண்டையும் இணைக்கும் கயிறு, கணினி என்னும் நான்கு கண்ணிகளால் ஆனது இச்சங்கிலி. கயிற்றை மட்டும் மாற்றியபோது உறைவு நீங்கியது. ஆகவே, கோபுரத்தின் மீது ஐயங்கொள்ள இடமில்லை. புளூடூத் தொடர்பான பகுதியிலேயே பழுது இருத்தல் வேண்டும். ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கம்பியிலும் உறைவு நேர்ந்திருப்பின், கணினியின் நினைவகப் பற்றாக்குறை, சூடேறுதல் முதலிய வேறு காரணங்களை நாட வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் அவள் அமைதியாக ஆராயத் தொடங்கினாள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதன் பயனைக் குறித்து வைத்தல் என்னும் இரண்டு விதிகளை மேற்கொண்டாள். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்தவன் பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பதை அறியான். மீண்டும் பழுது வந்தால் முதலிலிருந்தே தொடங்குவான்.

முதலாவதாக, மடிக்கணினியின் வைஃபையை நிறுத்தினாள். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்சு வரிசையைப் பயன்படுத்துவதுண்டு. பல மடிக்கணினிகளில் வைஃபைக்கும் புளூடூத்திற்கும் ஒரே சில்லும் ஒரே வானலை வாங்கியும் அமைந்திருக்கும். வைஃபை ஓயாது இணைப்புத் தேடும்போது புளூடூத் இடர்ப்படும். இரண்டாவதாக, யு.எஸ்.பி. 3.0 வகை வன்தட்டைக் கழற்றினாள். அவ்வகைக் கருவிகள் இயங்கும்போது அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடும். மூன்றாவதாக, அவ்விணைப்பை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று அமைத்தாள். அதனால், பின்புலத்தில் பெரிய புதுப்பிப்புகள் இறங்கி மெல்லிய இணைப்பை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் குறையும். இம்மூன்றாலும் வேகம் சற்று உயர்ந்தது. ஆனால், உறைவு நீங்கவில்லை.

நான்காவதாக, டிவைஸ் மேனேஜரில் புளூடூத் கருவியின் மின்சேமிப்பு அமைப்பை நோக்கினாள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அக்கருவியை அணைத்துவிடக் கணினிக்கு இசைவு அளிக்கப்பட்டிருந்தது. உறங்கிய கருவி உரிய நேரத்தில் விழிக்காவிடின் இணைப்பு அறுபடும். அவ்விசைவை நீக்கினாள். ஐந்தாவதாக, இரு கருவிகளிலும் பழைய இணைப்புப் பதிவை அழித்து, மீண்டும் புதிதாக இணைத்தாள். உறைவு பின்னும் தொடர்ந்தது. இந்த ஐந்தும் பலருக்குப் பயன் தந்தவையே. ஆயினும், அவளுடைய கணினியின் பழுது வேறிடத்தில் இருந்தது.

அண்ணனுடைய மடிக்கணினியில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்ஸ் என்னும் மற்றோர் இயக்கமுறைமையும் இருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அவள் அதன்வழிக் கணினியைத் தொடங்கி, அதே கைப்பேசியைப் புளூடூத்தில் இணைத்து நெடுநேரம் பயன்படுத்தினாள். கணினி நிற்கவில்லை. இதனால், கைப்பேசியும் கணினியின் வன்பொருளும் பழுதற்றவை என்பது பெரும்பாலும் தெளிவாயிற்று. எஞ்சியது விண்டோசிலுள்ள புளூடூத் இயக்கி மென்பொருள் ஒன்றே.

வன்பொருளுக்கும் இயக்கமுறைமைக்கும் இடையே நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றற்கு உணர்த்தும் துபாசி போன்றதே இயக்கி. மற்றச் செயலிகள் தவறினால், அவை மட்டும் நிற்கும். இயக்கியோ பெரும்பாலும் இயக்கமுறைமையின் உட்கருவோடு இணைந்து செயற்படுவது. ஆகவே, அதன் தவறு கணினி முழுவதையும் நிறுத்திவிடவல்லது. சிறு வானலைச் சில்லொன்று திரை, விசைப்பலகை, கடிகாரம் ஆகிய அனைத்தையும் அசைவற்றதாக்கும் விந்தைக்கு இதுவே விளக்கம். அவள் கம்பியிணைப்பின் வழியே, கணினியை உற்பத்தி செய்தோரின் தளத்திலிருந்து அக்கணினிக்குரிய புதிய இயக்கியை இறக்கி நிறுவினாள். அதன் பின்னர் உறைவு நேரவில்லை. சிலருக்கு இதற்கு மாறாக, புதிய இயக்கியை ஏற்ற பிறகே பழுது தோன்றுவதுண்டு. அவர்கள் முந்தைய இயக்கிக்குத் திரும்புதல் வேண்டும். 'உங்கள் கணினியை ஒரே நொடியிற் சீராக்குவோம்' என்று விளம்பரம் செய்யும் அறியாத தளங்களிலிருந்து எதையும் இறக்குதல் கூடாது; அது பழுதை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

கணினி நின்ற அளவில் அது கெட்டுவிட்டதென்று கருதி, கடைக்கு எடுத்துச் சென்று பொருளைச் செலவிடுவோர் உண்டு. கணினியின் உள்ளடக்கம் அனைத்தையும் அழித்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து நிறுவுவோரும் உண்டு. அவ்வாறு செய்திருந்தால், அண்ணனின் படிப்புக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் அழிந்திருக்கும். அம்மாணவி மாற்றியது ஒரு சிறிய மென்பொருளை மட்டுமே. பழுதின் இடம் தெரிந்தமையால், பழுதற்றவை அனைத்தும் காப்பாற்றப்பட்டன.

இளங்கௌதமன் அறிவர் கோயிலைச் செப்பனிட்டபோது குன்றை இடித்துப் புதுக்கோயில் கட்டவில்லை. இருந்ததைப் பேணிப் புதுக்கினான். நல்லது எது, நலிந்தது எது என்று பிரித்தறிந்து, நலிந்ததை மட்டும் திருத்துவதே செப்பனிடுதலின் முறை. அக்கலை கல்லுக்கும் உரியது, கணினிக்கும் உரியது. அம்மாணவி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்த சோதனைகள் ஆறு. அவற்றுள் ஐந்து பழுதை நீக்கவில்லை. எனினும், அவற்றுள் ஒன்றும் வீணன்று. பழுது எங்கே இல்லை என்பதை ஒவ்வொன்றாகக் காட்டியவை அவையே.