ஊர் சுற்றும் பிள்ளைகள் – 9: மாரிக்குப்பம் வண்டி

ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளுக்கு ரயில் என்பது அலுத்துப்போன சமாச்சாரம். பெங்களூரு சிட்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் தண்டவாளங்கள் சென்னைப் பக்கம், துமகூருப் பக்கம் என்று பிரிவது இவர்கள் தெருக்கோடியில்தான். ஆனாலும் 'மனசில் நின்ற பயணம் ஒன்றை எழுதிக் கொடுங்கள்' என்று இந்தத் தொடருக்காகக் கேட்டபோது, வந்த தாள்களில் பெரும்பாலானவை பைக்கில் போய் வந்தவை. கோகர்ணா, கூர்க், சிக்கமகளூரு. கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் மணாலி. சூரிய உதயம் இருந்தது, மேகி இருந்தது, நடுக்காட்டில் பஞ்சர் இருந்தது. எழுதிய ஆளைத்தான் காணோம். யார் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி இருந்தன.

ஒரு தாளில் நாலே வரி. 'நானும் என் அத்தை பையன்கள் இரண்டு பேரும் மாரிக்குப்பம் போனோம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. சாயங்காலமே திரும்பி வந்துவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் ஆயாவுக்கும் எனக்கும் சண்டை.' எழுதியவள் பி.காம். கடைசி வருஷம் படிக்கிற பெண். கட்டுரை என்று கேட்டால் நாலு வரி தருகிறாளே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்தக் கடைசி வரி விடவில்லை. ஊருக்குப் போய் வந்ததில் ஆயாவோடு என்ன சண்டை?

அதற்கு முன்னால் இந்தப் பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழைய ஆட்களைக் கேட்டால் மில், ரயில்வே, மாரிக்குப்பம் இருக்கிற கோலார் தங்கவயல் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். 1884இல் தொடங்கிப் பின்னர் பின்னி கைக்குப் போன மில் ஒரு பக்கம். மல்லேஸ்வரத்து ராஜா மில் இன்னொரு பக்கம். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால். அங்கே படம் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு, நிற்கிற தரையில் தாத்தா நூல் ஓட்டினார் என்பது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். மூன்றாவது வகைதான் நம் பெண்ணின் குடும்பம். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். கொஞ்ச நாளில் தாத்தா போய்விட, ஆயா மகனோடு இங்கே வந்து சேர்ந்தார். பேத்தி பிறந்தது அதற்கெல்லாம் பிறகு.

ஆயா சொல்லிச் சொல்லி வளர்த்த தங்கவயல் வேறு. அங்கே கரண்டு தாராளம், கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், கிறிஸ்துமஸுக்குக் கேக், பொங்கலுக்குக் கபடி. "ராணி மாதிரி இருந்தோம்டீ." கரண்டு விஷயத்தில் ஆயா மிகைப்படுத்தவில்லை. சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகரத்துக்கு மூன்று வருஷம் முன்னால் வெளிச்சம் பார்த்த ஊர் அது.

பேத்தி போய்ப் பார்த்தது ஒரு லைன் வீட்டை. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். நின்றால் கூரை தலையில் இடிக்கிற உயரம். திரும்பி வந்து, "இதுவா ஆயா ராணி வீடு?" என்று சிரித்திருக்கிறாள். ஆயாவுக்கு வந்ததே கோபம். "நீ பார்த்தது வீடு. நான் சொன்னது தெருவைப் பத்தி" என்றாராம். அதற்குமேல் பேச்சில்லை.

இரண்டாம் முறை அவர்கள் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

காலையில் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் வண்டியில் உட்கார இடம் தேட வேண்டியதில்லை. கூட்டமெல்லாம் எதிர்த் திசையில் வருகிறது. தங்கவயலிலிருந்து விடியும் முன்பே கிளம்பி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களின் வண்டி வழியில் எங்களைக் கடந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். செக்யூரிட்டி வேலை, கட்டட வேலை, கார்மெண்ட்ஸ், ஐ.டி. கம்பெனி ஹவுஸ்கீப்பிங். ராத்திரி வீடு திரும்பிப் படுத்து, மறுபடி விடியும் முன்பே எழுவார்கள். சுரங்கம் மூடியபோது வேலையிழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஊர் ராத்தங்கல் மட்டுமே என்றாகிவிட்டது. "அங்கிள், அப்பாவும் இங்க வீடு எடுக்கலேன்னா நானும் இந்த வண்டியிலதான் காலேஜ் வந்திருப்பேன்" என்றாள் பெண். பையன்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒன்றும் சொல்லவில்லை.

பங்காரப்பேட்டையில் வண்டி கிளைப் பாதைக்குத் திரும்புகிறது. முன்பு பவுரிங்பேட்டை என்றிருந்த ஊர் இது. தங்கத்துக்காகவே 1894இல் போட்ட கிளை. பாதையில் வரும் ஸ்டேஷன் பெயர்களைப் பாருங்கள்: கோரமண்டல், ஊர்காம், சாம்பியன். கடைசியில் மாரிக்குப்பம். வெள்ளைக்காரன் கம்பெனிப் பெயர்களெல்லாம் தீர்ந்த பிறகு நம்ம ஊர் மாரியம்மன் வந்து நிற்கிறாள்.

அத்தை பையன்களில் மூத்தவன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் வந்த காரணம் வேறு. 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தைப் பலமுறை பார்த்தவன்; அதை எடுத்த சயனைடு மேட்டில் நின்று ரீல்ஸ் போட வேண்டும். ஆயாவுக்கு அந்தப் படத்தின் பெயரைக் கேட்டாலே ஆகாது. "எங்க சுரங்கத்துல அப்படி ஒருத்தன் கோட்டு போட்டுக்கிட்டுத் திரிஞ்சா மேஸ்திரி விரட்டியிருப்பான்" என்பார். 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது குடும்பத்தோடு போனார்கள். அதில் வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போகிறவர்களைப் பார்த்து ஆயா அழுதார் என்றாள் பெண். உறவுக்காரர்கள் யாரையோ பார்த்தது போல இருந்ததாம்.

சயனைடு மேடு என்பது சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த கல்லை அரைத்து, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கை. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்ததிலிருந்து 120 வருஷத்தில் வெளியே போன தங்கம் ஏறக்குறைய 800 டன். சக்கை இங்கேயே தங்கிவிட்டது. மழை அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்திருக்கும் அந்தச் சாம்பல் நிற மேட்டில் புல் முளைப்பதே அபூர்வம். ஆடிக் காற்றில் தூசி எழும்பினால் கொடியில் காயும் துணியை ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்றார் கீழேயிருந்த வீட்டுப் பெண்மணி. பையன் ஒரு ரீல்ஸ் எடுத்தான். அது நன்றாகவே இருந்தது. பின்னணி இசையும் அந்தப் படத்துடையதுதான்.

சாம்பியன் ரீஃப் லைனில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் எங்கள் பயணத்தைத் திசை திருப்பினார். தாத்தா பெயரைச் சொன்னதும், "அட, ஹாக்கி ஆடுவாரே, அவர் பேத்தியா? வா கண்ணு" என்றார். மூத்தவன் போனை எடுத்து வீடியோவை ஆன் செய்தான். "அதைக் கீழ வை நைனா, எனக்குப் பேச வரல" என்றார். வைத்துவிட்டான். நல்ல பையன்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக ஒரு காலத்தில் பேசப்பட்டது. கூண்டில் இறங்கி, இன்னொரு கூண்டு மாறி, அப்புறம் நடந்து, வேலையிடத்துக்குப் போவார்கள். பாறையே சுடும். ஆழத்தில் வெட்ட வெட்ட, மேலேயிருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சில சமயம் சுவர் வெடித்துச் சிதறும். அதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். "கீழ ஏர் பிளாஸ்ட் ஆச்சுன்னா மேல வீட்டுல அலமாரிப் பாத்திரம் ஆடும். ஆடின உடனே பொம்பளைங்க அடுப்ப அணைச்சிட்டு சாஃப்ட் பக்கம் ஓடுவாங்க. கூண்டு மேல வர வரைக்கும் யார் வீட்டுக்காரருன்னு தெரியாது" என்றார் பெரியவர். பாறைத் தூசி நெஞ்சில் படிகிற சிலிகோசிஸ் வெடிச் சத்தமில்லாமல் தின்றது. 1940களில் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைப் பரிசோதித்து நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அந்த நோய் இருப்பதைக் கண்டார்கள். பெண்ணின் தாத்தாவுக்குக் கடைசிவரை 'ஆஸ்துமா' என்றே வீட்டில் சொன்னார்களாம். அது என்னவென்று இப்போது யார் சொல்வது?

இவ்வளவு கேட்டதும் அவள் முகம் மாறியது தாத்தாவை நினைத்து என்று எண்ணினேன். இல்லை. "ஆயா பாத்திரத்த எல்லாம் தரையிலதான் கவுத்து வைக்கும் அங்கிள். அலமாரி காலியாவே கெடக்கும். அம்மா எத்தனையோ சண்டை போட்டிருக்காங்க" என்றாள். ஒக்கலிபுரத்தில் வண்டி போகும்போதெல்லாம் பாத்திரம் ஆடாத வீடு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கிறாள். ஆயா ஒப்புக்கொள்ளவே இல்லை. "எலி ஏறுது, அதனால கீழ வைக்கிறேன்" என்றார். தரையில் வைத்தால்தானே எலிக்குச் சுலபம் என்று மடக்கினால், "போடி, வேலையைப் பாரு." உண்மை எதுவோ. ஆனால் சண்டை அன்றோடு தீர்ந்தது. பதிலுக்கு ஆயா வேறு கதைகளைத் தொடங்கிவிட்டார். கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் மூன்று வாரம்போல வேலைநிறுத்தம் செய்தது அவருடைய மாமனார் காலத்துக் கதை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததும், அவர் நூல்களை அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலை சாம்பியன் ரீஃபில் இருந்ததும் நான் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆயாவோ, "எங்க வீட்லயும் புத்தர் படம் இருந்துச்சே" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். இருபது வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க யாரும் கேக்கலியே."

இப்படிக் கேட்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பயணக் கட்டுரைகளுக்குப் பேர்போன ஏ.கே. செட்டியார் காந்தி பற்றிய ஆவணப் படத்துக்காக உலகம் சுற்றக் கிளம்பியபோது அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். 1940இல் வெளிவந்த அந்தப் படம் பெரும்பாலும் மற்றவர்கள் வருஷக்கணக்கில் எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருந்த துண்டுகளால் ஆனது. அவர் கண்டம் கண்டமாகப் போனது, யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரித்து வாங்குவதற்கு. நம் பிள்ளைகளின் பயணக் கட்டுரைகளில் இல்லாமல்போவது இந்த விசாரிப்புதான். மணாலிக்குப் போகிறவனைக் குறை சொல்லவில்லை. பனியை ஒருமுறையாவது பார்க்க வேண்டியதுதான். ஆனால் மணாலியில் இவர்களை 'அட, அவர் பேத்தியா' என்று கேட்க ஆளில்லை, இவர்களும் அங்கே யாரையும் ஒன்றும் கேட்டதாகத் தாள்களில் தெரியவில்லை.

இன்ஜினியரிங் பையன் விஷயம் வேறு மாதிரி முடிந்தது. அந்தச் சுரங்கத்தின் அடியில்தான் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்தான். மேலே அத்தனை பாறை இருந்ததால் மற்ற துகள்கள் வடிகட்டப்பட்டு நியூட்ரினோ மட்டும் கீழே வந்தது என்பதைத் தம்பிக்கு விளக்கிக்கொண்டே வந்தான், பங்காரப்பேட்டையில் அந்த வெள்ளைத் தண்ணிப் பானிபூரி சாப்பிடும்போதும் விடவில்லை. சுரங்கத்துக்குள் யாரையும் விடுவதில்லை, தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது என்பது அவனுக்குப் பெரிய வருத்தம். ரீல்ஸ் இன்னும் போடவில்லை.

இப்போது வீட்டில் புதிய விவாதம். ஆயாவின் மாமனார் தங்கவயலுக்கு வந்தது எந்த ஊரிலிருந்து? குடியாத்தம் பக்கம் என்பது மட்டும் உறுதி. ஆயா ஒரு ஊரைச் சொல்கிறார், ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் அவருடைய நாத்தனார் வேறொரு ஊரைச் சொல்கிறார். இரண்டு பேரும் போனில் குரலை உயர்த்திப் பேசிக்கொள்கிறார்கள். சுரங்கத்துக்குக் குடிதண்ணீர் தந்த பேத்தமங்கலம் ஏரியைத் தொட்டுவிட்டுப் போகும் பாலாறு, அப்படியே ஆந்திரா தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் என்று வட ஆற்காட்டுக்குள் இறங்குகிறது. தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆற்றோரமாகவே இரண்டு ஊரையும் பார்த்துவிடுவது என்று பொங்கல் லீவுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆயா வருகிறேன் என்றிருக்கிறார், நாத்தனார் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. நாத்தனாரும் அதே நிபந்தனையோடு வருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வண்டியில் டிக்கெட் போட்டாயிற்று.

(அடுத்த வாரம்: ஹம்பிக்குப் போன ஆட்டோ டிரைவர் மகன்)