சென்சார் கெடவில்லை, ஒயர்தான் கெட்டது!
பழைய கார் வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் பழைய கார் வாங்கி வைத்திருக்கிறார்கள். பொங்கல், தீபாவளி என்றால் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வர அதுதான் துணை.

அந்தக் கார், கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் முக்கி முனகத் தொடங்கினால்? சைலன்சரில் கரும்புகை. பெட்ரோல் தண்ணீராகச் செலவாகிறது. நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் கிளம்ப மறுக்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "சென்சார் போய்விட்டது" என்கிறார்கள். புதிது வாங்கிப் போட்டாகிறது. பத்து நாள் கழித்து அதே கோளாறு. "அப்படியானால் கம்ப்யூட்டர்தான் போயிருக்க வேண்டும்" என்ற பேச்சு வருகிறது. செலவு ஆயிரங்களில் ஏறுகிறது.

கடைசியில் பார்த்தால் சென்சாரும் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒயரில்தான் கோளாறு! இது அபூர்வமான கதை அல்ல. பழைய கார்களில் அடிக்கடி நடப்பது.

கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் வந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதில் கார்புரேட்டர்தான் இருந்தது. கோளாறு வந்தால் மெக்கானிக் திருப்புளியால் திருகிச் சரிசெய்வார்.

பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது. டெல்லி வட்டாரத்தில் 2000 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு யூரோ 2 தரம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதற்கு இணையான பாரத் ஸ்டேஜ் 2 தரம் 2005 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. கார்புரேட்டர் விடைபெற்றது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டரும், அதற்குக் கட்டளையிடும் கம்ப்யூட்டரும் வந்தன.

கம்ப்யூட்டருக்குக் கண்ணும் காதும் சென்சார்கள்தான். என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்ற தகவல்களை அவை ஒயர் வழியாக அனுப்புகின்றன.

5 வோல்ட் கணக்கு

என்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு ஒயர்கள். ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது. மற்றது எர்த்.

சூடு ஏற ஏற இந்தச் சென்சாரின் மின்தடை குறையும். பெரும்பாலான கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம்தான்.

ஒயர் அடியோடு அறுந்துவிட்டால் கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடித்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். ஒயர் பாதி கெட்டால்தான் ஆபத்து!

ஒயரின் இணைப்பில் துரு பிடித்து 700 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் 80 டிகிரியில் கொதிக்கிறது. சென்சாரின் 300 ஓம், துருவின் 700 ஓம், மொத்தம் 1,000 ஓம். கம்ப்யூட்டர் இதைப் பார்த்து, "சூடு இன்னும் 50 டிகிரியைக்கூட எட்டவில்லை" என்று நினைத்துக்கொள்ளும். குளிர்ந்த என்ஜினுக்கு வேண்டிய அளவில் பெட்ரோலை ஊற்றும்.

விளக்கும் எரியாது. ஏனென்றால் 50 டிகிரி என்பது நம்பக்கூடிய அளவுதானே!

பணமும் போகும், பதிவும் சிக்கலாகும்

தேவைக்கு மேல் போகும் பெட்ரோல் பிளக்கில் கரியாகப் படியும். மீதி கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதையே பாழாக்கும். அது விலை உயர்ந்த பொருள்.

புகைச் சோதனையிலும் சிக்கல். பாரத் 2, பாரத் 3 பெட்ரோல் கார்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாரத் 4 கார்களுக்கு 0.3 சதவீதம். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகிறவருக்கு, களிம்பேறிய ஒரு ஒயர் பெரிய தடையாகிவிடும்.

களிம்பும் எலியும்

ஒயர் கெடுவதற்குக் காரணங்கள் பல. என்ஜின் சூட்டில் மேலுறை காய்ந்து வெடிக்கிறது. அதன் வழியே மழைத் தண்ணீர் புகுகிறது. செம்பில் பச்சைக் களிம்பு படிகிறது. மேலுறைக்குள்ளேயே ஈரம் திரி போல ஊர்ந்து வெகுதூரம் போகும்.

மற்றொரு பகைவன் எலி. பல நாள் நிறுத்திவைத்த காரின் பானட்டுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடித்துவிடும்.

மீட்டர் சொல்லும் உண்மை

இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் விலையுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதலில் சாவியை அணைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பின்னில் களிம்பு இருக்கிறதா? பிடிப்பு தளர்ந்திருக்கிறதா?

அடுத்து, சென்சாரின் தடையை என்ஜின் ஆறியிருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் அளக்க வேண்டும். சூட்டுக்கு ஏற்றபடி குறைந்தால் சென்சார் நல்லது.

பிறகு சாவியைப் போட்டு, கனெக்டரின் இரண்டு பின்களுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், 5 வோல்ட் ஒயருக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே 5 வோல்ட் வந்தால் எர்த் ஒயரில்தான் கோளாறு.

5 வோல்ட் வந்துவிட்டது என்று உடனே நிம்மதி அடையக் கூடாது. மீட்டர் மிகக் குறைந்த கரண்டையே எடுக்கும். ஆகவே களிம்பேறிய ஒயரும் 5 வோல்ட் காட்டும்!

எனவே சாவியை அணைத்து, பேட்டரி நெகடிவையும் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஒயரின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தடையை அளக்க வேண்டும். 1 ஓமுக்குக் குறைவாக இருந்தால் ஒயர் நல்லது. அளக்கும்போதே ஒயரை அங்கங்கே வளைத்து ஆட்ட வேண்டும். எந்த இடத்தில் எண் தாவுகிறதோ, அங்கேதான் கோளாறு.

ஒட்டுப் போடுவது எப்படி?

களிம்பேறிய பகுதியை, செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டி எறிய வேண்டும். அதே பருமன், அதே நிறம் கொண்ட ஒயரை இணைத்து, ஈயப் பற்று வைக்கலாம் அல்லது கிரிம்ப் செய்யலாம். அதன் மேல், சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட வேண்டும். வெறும் டேப் சுற்றினால் என்ஜின் சூட்டில் பசை உருகிக் கழன்றுவிடும்.

ஆக்சிஜன் சென்சாரின் ஒயருக்கு மட்டும் ஈயப் பற்று கூடாது. பல சென்சார்கள் ஒயரின் இழைகள் வழியாகவே வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.

செய்யக் கூடாதவை

12 வோல்ட் பல்பு வைத்துச் சென்சார் ஒயரைச் சோதிக்கக் கூடாது, கம்ப்யூட்டர் கெட்டுவிடலாம். ஒயரில் ஊசி குத்திப் பார்க்கக் கூடாது. அந்தத் துளையில் நாளை ஈரம் புகும். சாவி போட்டிருக்கும்போது கனெக்டரைக் கழற்றிப் பூட்டக் கூடாது. ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் ஒயர்கள் பக்கமே போகக் கூடாது.

முதலில் சோதனை, பிறகு விலை

ஸ்கேனர் கருவியில் "பி 0118" என்று கோட் வந்தால், சென்சார் கெட்டது என்று அர்த்தம் அல்ல. "சூட்டுச் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்ட்டேஜ் அதிகம்" என்பதே அதன் பொருள். சர்க்யூட் என்றால் ஒயரும் சேர்த்துத்தான்.

ஆகவே ஜே.சி. ரோட்டுக்குப் போய் புதுச் சென்சார் வாங்குமுன், "ஒயரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். மீட்டரை எடுத்து வருவார்.